பெட்டகத்தில் கிடைத்த 'அந்த மாதிரி' தாள்களைத் தரம் பிரிப்பது எப்படி?

பாகம் பிரிக்கும் செட்டிநாட்டு வீட்டில் நகைக்கும் வெள்ளிக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் பட்டியல் எழுதி முடித்த பிறகு, வளவின் (நடு முற்றப் பகுதியின்) ஓரத்தில் ஒரு ட்ரங்குப் பெட்டி மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கும். திறந்து பார்த்த இளைஞர் சட்டென்று மூடிவிட்டு, "வெறும் பழைய பேப்பர்" என்பார். அவர் சொல்கிற வேகத்திலேயே உள்ளே இருப்பது எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பழைய தாள்களைத் தரம் பிரித்துக் கொடுக்கக் கூப்பிடுவார்கள். கணக்கு ஏடு, மொய் நோட்டு, கல்யாண அழைப்பிதழ் என்று எடுத்து வைத்துக்கொண்டே வந்தால் அடியில் ஒரு கட்டு வரும். சைகோன் (இன்றைய வியட்நாம்) படக் கார்டு, நடிகை அட்டை போட்ட பாட்டுப் புத்தகம், மஞ்சள் பத்திரிகை, காமசாஸ்திரம் சொல்லும் கொக்கோக ஏடு, பெயர் எழுதாத வீடியோ கேசட். அதுவரை கூட நின்ற ஆண்களுக்கு அப்போதுதான் போன் பேச வேண்டிய வேலை வரும். அந்தக் கட்டை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய பேப்பர்காரரையும் மண்ணெண்ணெய் டப்பாவையும் தேடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

கட்டை வெளியே எடுக்குமுன், அது எந்த அறையில், எந்தப் பெட்டியில் இருந்தது என்று எழுதி வையுங்கள். நம் வீடுகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு தனிக் குடும்பத்துக்கும்) வளவைச் சுற்றித் தனி அறை உண்டு. இரண்டாவது புள்ளியின் அறையில் கிடைத்த கார்டும் மச்சில் பொதுச் சாமானோடு கிடைத்த கார்டும் ஒன்றல்ல. முன்னது ஒருவர் ஒளித்து வைத்தது. பின்னதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், யாரும் பெரிதாக நினைக்கவில்லை. எந்தக் காலத்தில் எதற்கு வெட்கப்பட்டார்கள் என்பதைத் தாளைவிட, தாள் இருந்த இடம் அதிகம் சொல்லும்.

தாள்களை வெயிலில் காயப்போடாதீர்கள். பட்டாலைக் கூடத்தில் வெள்ளை வேட்டியை விரித்து நிழலில் பரப்புங்கள். ராமபாணப் பூச்சி தின்ற இடத்தை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அந்தப் பசை பத்து வருடத்தில் தாளைப் பழுப்பாக்கிப் பொடித்துவிடும். லேமினேஷனும் கூடாது. பெட்டகத்தில் வசம்பு போட்ட பெரியவர்களுக்குத் தாளின் அருமை நன்றாகத் தெரிந்திருந்தது.

காலத்தைக் கண்டுபிடிப்பது

ஆண்டு அச்சிடாத தாள்தான் அதிகம். "ஆபாசமா?" என்ற கேள்விக்கு முன் "எப்போது?" என்ற கேள்விக்கு விடை வேண்டும். அதற்குச் சில அடையாளங்கள் போதும்.

விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். அச்சக முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. துதிக்கை வைத்த பழைய 'லை', 'னை' எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. சில அச்சகங்கள் பழைய அச்செழுத்துகளை அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓட்டின. காரைக்குடி முகவரிக்குக் கீழே இராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால், 1985-ல் மாவட்டம் பிரிவதற்கு முன்னால்.

இதையெல்லாம் பென்சிலால் ஒரு தனிச் சீட்டில் எழுதிச் செருகுங்கள். தாளின் மேல் எழுதாதீர்கள்.

சைகோன் கார்டுகள்

மிகப் பழையவை இவைதான். வட்டிக் கடை பார்க்கப் பர்மா, சைகோன், பினாங்கு போன நம் ஏஜெண்டுகள் ஒரு கணக்குக்கு (ஒரு பணித் தவணைக்கு) மூன்று வருடம் குடும்பத்தை விட்டுத் தனியாக இருந்தார்கள். திரும்பும்போது தேக்கும் அரக்குப் பாத்திரமும் கொண்டுவந்தார்கள். சட்டைப் பெட்டியின் அடியில் சில கார்டுகளும் வந்தன. பிரெஞ்சு அச்சு. பின்புறம் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் முகவரிக்கும் மறுபக்கம் கடிதத்துக்கும் என்று பிரித்திருந்தால் 1904-க்குப் பிந்தியது. கோடில்லாமல் முழுவதும் முகவரிக்கே விட்டிருந்தால் அதற்கும் முந்தியது. பர்மாவிலிருந்து வந்தவை பெரும்பாலும் 1942-க்கு முன்னால் வந்தவையாகத்தான் இருக்கும். அதன் பிறகு அங்கிருந்து உயிரோடு வந்ததே பெரிய காரியம்.

இந்தக் கார்டுகளில் பாதி, மலைவாழ் பெண்களை மேலாடையில்லாமல் நிறுத்தி எடுத்து, கீழே இனத்தின் பெயரைச் சரக்குச் சீட்டு மாதிரி அச்சிட்டவை. அந்தப் பெண்களின் பெயர் எதிலும் கிடையாது. 1878-ம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம் ஆபாசப் படங்களை இறக்குமதி செய்யக்கூடாது என்றது. இனவியல் என்று தலைப்புப் போட்டுவிட்டால் பார்ப்பவரின் கண் தப்பித்துக்கொள்கிறது. பெட்டியில் வந்த கார்டுகள் எந்தத் தலைப்பில் தப்பினவோ, வந்து சேர்ந்துவிட்டன.

பள்ளத்தூரில் ஒரு வீட்டில் கிடைத்த கார்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். கூடை சுமந்த பெண். மேலாடை இல்லை. ஆனால் யாரோ பேனாவால் அழகாக ஒரு ரவிக்கை வரைந்திருந்தார்கள். கைக்குக் கரை, கழுத்துக்கு வளைவு, முன்னால் கொக்கி வரிசை எல்லாம் இருந்தது. கார்டைத் திருப்பி விரலால் தடவினேன். கோடுகள் பின்புறம் புடைத்துக்கொண்டிருந்தன. மை பழுப்பாகவும் ஆகவில்லை. அழுத்தி எழுதும் பந்துமுனைப் பேனா. அந்தப் பேனா நம் ஊர்களில் பரவியது சுதந்திரத்துக்குப் பிறகுதான். ஆக, ஐயா கார்டு வாங்கி வந்தது ஒரு காலம்; ரவிக்கை தைத்துப் போட்டது குறைந்தது ஒரு தலைமுறை கழித்து.

வீட்டு ஆச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது எங்கள் சின்ன நாத்தனார் கை. அவர்தான் பள்ளிக்கூடத்தில் தையல் படித்தார். கொக்கி வைக்காமல் விடமாட்டார்."

அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, முகப்பில், அந்த வீட்டுப் பெரிய ஆச்சியின் சட்டம் போட்ட புகைப்படம். கண்டாங்கிச் சேலை, கழுத்தில் கழுத்திரு என்னும் திருமணத் தாலி, ரவிக்கை கிடையாது. அந்தக் காலத்து வழக்கம் அது. அந்தப் படத்துக்கு யாரும் மை பூசவில்லை, தினமும் பூப் போட்டார்கள். வெட்கம் காலத்தோடு குறைந்துகொண்டே வந்தது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே மை பூசியது, தாள் ஒட்டியது, கத்தரித்தது எதையும் "கெட்டுப்போனது" என்று தள்ளாதீர்கள். ஒட்டியதை உரிக்கவும் வேண்டாம். ரவிவர்மா அச்சுகளில் சேலைக்கு ஜரிகையும் மணியும் ஒட்டி வைத்திருப்பது அலங்காரம். அதை இதோடு குழப்பிக்கொள்ளாமல் தனியாக வையுங்கள்.

வட்டத்துக்குள் 'ஏ'

சினிமாத் தாள்களுக்கு வந்தால் சட்டம் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு சட்டமும் தாளில் ஒரு தடம் விட்டிருக்கிறது.

முதல் சினிமாட்டோகிராப் சட்டம் 1918-ல் வந்தது. 1920-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நான்கு ஊர்களில் தணிக்கை வாரியம். ரங்கூனில் தனி வாரியம் இருந்ததை நம் பக்கத்துக்காரர்கள் மறந்துவிட்டோம். ஒரு மாகாணம் அனுமதித்த படத்தை இன்னொரு மாகாணம் தன் எல்லைக்குள் நிறுத்த முடியும். அங்கே கடையில் இருந்த ஐயா பார்த்த படம் இங்கே வராமலே போயிருக்கலாம். ரங்கூன் தியேட்டர் நோட்டீஸ் கிடைத்தால் அதனால்தான் பத்திரம் என்கிறேன்.

அந்தக் காலத்துக் கத்திரிக்கோலுக்கு உடம்பைவிடக் கதர்தான் பெரிய பயம். 1921-ல் வந்த 'பக்த விதுரர்' மௌனப்படம் சென்னையில் தடை செய்யப்பட்டதற்குக் காரணம், விதுரர் காந்தி மாதிரி இருந்தார் என்பது. 1939-ல் வந்த 'தியாகபூமி'யையும் காங்கிரஸ் மந்திரிசபை விலகிய பிறகு தடை செய்தார்கள். 1930-களின் பாட்டுப் புத்தகத்தில் காதல் காட்சிப் படம் தாராளமாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, "இது நம் காலத்துப் போலி" என்று ஒரு வீட்டில் வாதாடினார்கள். போலி இல்லை. அணா விலையே சாட்சி.

'ஏ' (வயது வந்தவர்களுக்கு), 'யு' (எல்லோருக்கும்) என்ற பிரிவு வந்தது 1949 திருத்தத்தில். மத்திய வாரியம் 1951-ல் தொடங்கியது. இப்போது பேசப்படும் சட்டம் 1952-ல் வந்தது. எனவே "வயது வந்தவர்களுக்கு மட்டும்" என்ற வாசகமும் அணா விலையும் ஒரே நோட்டீஸில் இருந்தால், அது 1949-க்கும் 1957-க்கும் இடைப்பட்டது. அப்படி ஒன்று கிடைத்தால் உறையில் போட்டுத் தனியாக வையுங்கள், அது அரிது. 'யு/ஏ' அல்லது மருத்துவர் போன்ற குறிப்பிட்ட தொழில் சார்ந்தவர்களுக்கான 'எஸ்' இருந்தால் 1983-க்குப் பிந்தியது. அந்த வருடம்தான் வாரியத்தின் பெயரிலிருந்து 'தணிக்கை' போய் 'சான்றளிப்பு' வந்தது. யு/ஏ 7, 13, 16 என்று வயது சேர்ந்திருந்தால் அது 2023 திருத்தத்துக்குப் பிறகான திரைப்படச் சுவரொட்டி. பெட்டகத்தில் கிடைக்க வாய்ப்பில்லை.

தியேட்டரிலோ விநியோகத்திலோ பணம் போட்ட வீடு என்றால் சான்றிதழே கிடைக்கும். சினிமாவில் கைவைத்தவர்கள் இந்தப் பக்கம் குறைவில்லை, ஏவி.எம். ஸ்டுடியோவே 1948 வரை தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. சான்றிதழில் பலரும் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். இடது கீழ் மூலையில் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் படத்தில் வெட்டு விழுந்திருக்கிறது. என்ன வெட்டு, எத்தனை நீளம் என்பது சான்றிதழின் இரண்டாம் பகுதியில் இருக்கும். பொன் மாதிரி பக்கம் அதுதான். இன்று எந்தப் பிரதியிலும் இல்லாத காட்சியைப் பற்றிய ஒரே எழுத்துச் சாட்சி அந்த இரண்டு மூன்று வரிகளாக இருக்கலாம். அதைத் தனியாகக் கிழித்து வைத்திருந்தால் தேடி எடுத்து முதல் பகுதியோடு சேருங்கள்.

படச்சுருள் பெட்டி கிடைத்தால் மட்டும் கை வைக்காதீர்கள். 1950-க்கு முந்தியது நைட்ரேட்டாக இருக்கலாம், தீப்பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. அடுப்படிக்கும் விளக்குக்கும் தூரமாக வைத்துவிட்டு, புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். புளிக்காடி வாடை அடித்தால் அது அசிட்டேட், ஆபத்து குறைவு, ஆனால் அழிந்துகொண்டிருக்கிறது.

1970-களின் நோட்டீஸ் கட்டுகளில் ஒரு திடீர்த் துணிச்சல் தெரியும். 1969-ல் தணிக்கை பற்றி ஆராய்ந்த கோஸ்லா குழு, கதைக்குத் தேவையென்றால் முத்தத்தையும் நிர்வாணத்தையும் அனுமதிக்கலாம் என்றது. 1970-ல் இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தன் ஆவணப்படத்துக்கு 'யு' கேட்டுப் போட்ட வழக்கில், சினிமா மற்றக் கலைகளைவிட ஆழமாக மனதைக் கிளறும், அதனால் முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் திரையில் இரண்டு பூக்கள்தான் தொடர்ந்து முட்டிக்கொண்டிருந்தன. நோட்டீஸில் மட்டும் அந்தத் துணிச்சல் ஏறியது. அச்சகத்தாருக்கு வாரியம் எட்டாத தூரத்தில் இருந்ததுதான் காரணம் என்பது என் கணிப்பு. அடுத்து 1980-களில் காலைக் காட்சி வந்தது. அந்த நோட்டீஸ்களில் படத்தின் பெயரைவிட 'ஏ' பெரிதாக இருக்கும். எச்சரிக்கையாக வைத்த எழுத்தே விளம்பரமாகிவிட்டது.

புத்தகமும் பத்திரிகையும்

மேலட்டையை நம்பாதீர்கள். ஆன்மிக மாத இதழின் அட்டைக்குள் வேறொன்று தைத்திருக்கும். இரண்டையும் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், எந்த அட்டைக்குள் எது ஒளிந்தது என்பதும் தகவல்தான்.

1940-களின் மஞ்சள் பத்திரிகைகளில் 'இந்து நேசன்' கிடைத்தால் கவனம். அதை நடத்திய லட்சுமிகாந்தன் 1944-ல் கொல்லப்பட்டார், எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, பிரிவி கவுன்சில் வரை போய் 1947-ல் விடுதலையானார்கள். நடிகர் நடிகைகளின் படுக்கையறையை வம்பாக விற்ற இதழ். அதில் இருப்பதை உண்மை என்று எடுத்துக்கொண்டு பேரன் பேத்திகளிடம் சொல்லிவிடாதீர்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர் பெயர் இருந்தால் அவர் குடும்பம் இன்னும் அடுத்த தெருவில் இருக்கும்.

கொக்கோகச் சுவடி, பழைய அச்சுப் பதிப்பு, வைத்திய ஏடு மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே கட்டியிருக்கும். அவற்றை அந்த மாதிரிக் கட்டில் சேர்ப்பதே தவறு. நம் பெரியவர்கள் அதை வைத்தியத்தின் ஓர் அங்கமாக வைத்திருந்தார்கள். கட்டைப் பிரிக்காமல் சுவடிகளோடு சேருங்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் 2024 வரை இருந்த சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292-ம் பிரிவு. 1860-ல் எழுதும்போதே கோயில் சிற்பத்துக்கும் தேரில் செதுக்கியவற்றுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். தேரோட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துத் தேர்ச் சிற்பத்தைக் காட்டும் ஊரில் அந்த விலக்கு இல்லாவிட்டால் யாரைப் பிடிப்பது? 1964-ல் ரஞ்சித் உதேஷி வழக்கு. பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ஓர் ஆங்கில நாவலை விற்றதற்குத் தண்டனை உறுதியானது. மனம் கெடக்கூடியவர் கையில் கிடைத்தால் கெடுக்குமா என்று பார்க்கும் 1868-ம் ஆண்டு இங்கிலாந்து அளவுகோலை அன்று பிடித்தார்கள். 1969-ல் இலக்கியம், கலை, அறிவியல், கல்வி ஆகியவற்றுக்கு விலக்கு விரிந்தது; அதே திருத்தத்தில் மூன்று மாதமாக இருந்த சிறைத்தண்டனை இரண்டு வருடமாக ஏறியது. இளகியதும் இறுகியதும் ஒரே தாளில். 2014-ல் அவீக் சர்க்கார் வழக்கில் அந்த இங்கிலாந்து அளவுகோலையே கைவிட்டு, இன்றைய சமூகத்தின் பார்வையில், முழுமையாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

சட்டம் இளகினால் ஊரும் இளகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 'மாதொருபாகன்' நாவல் விஷயத்தில் பெருமாள்முருகனை எழுத்தையே விடும்படி செய்தது நீதிமன்றமில்லை, ஊர் திரண்ட கூட்டம். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம்தான், பிடிக்காவிட்டால் படிக்கக் கட்டாயமில்லை என்று சொல்லி அவருக்குப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தது.

கேசட்

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வீடியோ டெக் வந்த காலத்து மிச்சம். பூஞ்சை பிடித்த நாடாவைப் போட்டுப் பார்க்காதீர்கள், டெக்கும் கெடும், நாடாவும் அறும். மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளைத் தூள் தெரியும். ஒட்டியிருக்கும் பெயரும் பொய்யாக இருக்கலாம். "கந்த சஷ்டி" என்று எழுதிய கேசட்டைக் குடும்பத்தோடு உட்கார்ந்து முதல்முறை ஓட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வாடகை டெக்கில் படம் காட்டும் கடைகளை நெறிப்படுத்தத் தமிழக அரசு 1984-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அந்தக் கால உரிமச் சீட்டு, வாடகை ரசீது கிடைத்தால் கேசட்டைவிட அவை மதிப்பு. கேசட்டில் வீட்டு மனிதர்களைத் தனிமையில் எடுத்த பதிவு இருந்தால் அது ஆவணம் கிடையாது. அதில் இருப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இல்லையென்றால் நாடாவை உருவி அழித்துவிடுங்கள்.

போனில் இருப்பதைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை. 2021 விதிகள் ஓடிடி தளங்களைத் தாங்களே வயது வகைப்படுத்தச் சொல்கின்றன. பெட்டிக்குப் பூட்டுப் போட்ட இடத்தில் இப்போது கடவுச்சொல்.

வைப்பதா, கொடுப்பதா, அழிப்பதா

பயந்துகொண்டே கேட்பார்கள்: "வீட்டில் இருந்தால் போலீஸ் கேஸ் ஆகுமா?" 2024 ஜூலையிலிருந்து 292-ன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ம் பிரிவு இருக்கிறது. விற்பது, வாடகைக்கு விடுவது, விநியோகிப்பது, பொதுவில் காட்டுவது, இறக்குமதி செய்வது, இவற்றுக்காக வைத்திருப்பது ஆகியவைதான் அதில் குற்றம். முதல் முறை இரண்டு வருடம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். தாத்தாவின் கார்டு பேரன் பெட்டியில் சும்மா இருப்பது அந்தப் பிரிவுக்குள் வராது.

ஆனால் அதையே போட்டோ எடுத்து இணையத்தில் போட்டால் கதை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ம் பிரிவில் முதல் முறைக்கே மூன்று வருடம், ஐந்து லட்சம் வரை. "எங்கள் தாத்தா வைத்திருந்ததைப் பாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே குடும்பக் குழுவில் அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுப்பாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ரவிவர்மா அச்சும் விளம்பரத் தகடும் தாராளமாகப் போகும். பிரெஞ்சுக் கார்டை விலை பேசுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வகைக்கு விலக்கே கிடையாது. குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் எதுவும், எவ்வளவு பழையதானாலும், வரலாறு என்று சொல்லி வைத்துக்கொள்ள முடியாது. நகல் எடுக்காதீர்கள், யாருக்கும் காட்டாதீர்கள், காவல்துறைக்குத் தெரிவியுங்கள். இதை வைத்திருப்பதைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்திச் சொன்ன தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

மற்றவற்றில் கொடுக்கத் தகுந்ததைக் கொடுத்துவிடுவதே நல்லது. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டில் தீப்பெட்டிப் படத்திலிருந்து நாடக நோட்டீஸ் வரை, நல்லது கெட்டது பார்க்காமல் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, அது இன்று சென்னை தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அங்கே பழக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அட்டையைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். கொடுக்குமுன் எழுதிக் கேட்டு, அவர்களுக்கு வேண்டியதை மட்டும் அனுப்புங்கள்.

உறையின் மேல் "ஆபாசம்" என்று எழுதாதீர்கள். "பிரெஞ்சு இந்தோசீனா படக் கார்டு, 1904-க்குப் பின், பேனாவால் ரவிக்கை வரையப்பட்டது, இரண்டாம் புள்ளி அறை" என்று உள்ளதை எழுதுங்கள். பட்டியல் இரண்டு பிரதி. வீட்டின் மூத்த ஆச்சியிடம் படித்துக் காட்டிய பிறகுதான் பங்காளிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆண்கள் போன் பேசப் போய்விட்டால் காத்திருங்கள். கையெழுத்துப் போட வந்துதான் ஆக வேண்டும்.